எட்டு விளக்கும் எரிந்தது, இன்டர்நெட் மட்டும் நிற்கவில்லை

தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம். மேல் லயத்தில் ஒரு ரவுட்டர், கீழே பணிய லயத்தில் என் வீடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு கேபிள். விஷயம் இவ்வளவுதான். இதைச் சரியாக வேலை செய்ய வைக்க எனக்கு 2023 பெப்ரவரியிலிருந்து ஜூலை வரை போனது. கைக்காசும் வராமல் போன சம்பளமும் சேர்த்து 58,000 ரூபா நட்டம். கேட்க ஆள் இல்லாமல் தனியாக முட்டி மோதியதால் வந்த நட்டம் அது. அதனால் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். தோட்டப் பக்கம் யாராவது ரவுட்டர் போடப் போகிறீர்கள் என்றால் ஒருமுறை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா பக்கம். 2022இல் விலைவாசி எகிறியபோது வெள்ளவத்தை அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். கொழும்பில் இரண்டு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலை, ஆளுக்கு மாதம் 18,000. அதை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் லயம் பள்ளத்தில் இருக்கிறது. போனில் ஒரு கோடு வந்தாலே பெரிய விஷயம். ஒரு ஃபைல் அனுப்ப மாரியம்மன் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். பெரியப்பா வீடு மேல் லயத்துத் தொங்கல் காம்பரா, அதாவது கடைசி வீடு. அங்கே மறைக்க எதுவும் இல்லை, சிக்னல் நேராக வந்து விழும். ஆக, கூரைக்கு வெளியே பொருத்துகிற 4ஜி ரவுட்டர் ஒன்றை வாங்கி அங்கே வைத்து, கேபிளைக் கீழே எங்கள் வீட்டுக்கு இழுப்பது என்று முடிவு செய்தேன். வைஃபையிலேயே கீழே கொண்டுவரலாமே என்று கேட்பீர்கள். இரண்டு லயத்துக்கும் தகரக் கூரை, நடுவில் ஒரு மேடு. முயன்று பார்த்தேன், நடக்கவில்லை.

பொருத்த வந்த பையன்கள் இருவர். கூரையில் ரவுட்டரை மாட்டி, பெரியப்பா வீட்டுக்குள் அதன் பவர் அடாப்டரை வைத்து, "அண்ணே, இதுவரைக்கும்தான் எங்க வேலை" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்கள். கீழே வரும் கேபிள் என் பொறுப்பு. சரி, வயர்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஹட்டனில் ஒரு கடையில் போய் நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் கேட்டேன். மீட்டர் 130க்கும் இருந்தது, 65க்கும் இருந்தது. "ரெண்டும் கேட்-6தான், பிராண்டுதான் வேற" என்றார் கடைக்காரர். 65ஐ எடுத்தேன். பையன் இரண்டு கையையும் விரித்து விரித்து அளந்தான். அவன் கணக்கில் 100. பிறகு நானே நாடா வைத்து அளந்தபோது 94. நல்ல கேபிளின் உறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அடித்திருக்கும். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கழித்தால் நீளம் வந்துவிடும், கையை நம்ப வேண்டாம். நான் வாங்கியதில் எண்ணே இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும். இன்னொன்று, அந்தச் சுருளை ஒரு விரலில் மாட்டித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அவ்வளவு லேசாக இருந்தது. செம்பு அப்படி இருக்காது. உள்ளே அலுமினியம், மேலே செம்பு பூச்சு. வயரைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். முழுச் செம்பு எவ்வளவு சுரண்டினாலும் சிவப்பாகவே இருக்கும். கடையிலேயே சுரண்டிப் பாருங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நீளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தச் செம்புக் கேபிளில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 100 மீட்டர்தான் கணக்கு. அதைத் தாண்டினால் நடுவில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச், அதாவது டேட்டாவை வாங்கி மறுபடி அனுப்பும் பெட்டி, வேண்டும். காலடி வைத்து அளந்துவிட்டு 70 மீட்டர்தான் என்று நினைத்தேன். ஆனால் கேபிள் கூரையிலிருந்து இறங்க வேண்டும், சரிவில் சுற்ற வேண்டும், வீட்டுக்குள் மூலை திரும்ப வேண்டும். கடைசியில் 91 மீட்டர் ஓடியது. மலையில் காலடிக் கணக்கு சரிவராது. கேபிள் போகப்போகும் வழியிலேயே ஒரு கயிற்றைப் போட்டு, பிறகு கயிற்றை அளப்பதுதான் சரி.

தேயிலைக்கு நடுவாக இழுத்தேன். அது குறுக்கு வழி. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முனைக்கு பிளக் அடிக்கும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிளக்கை நசுக்கிப் பிடிக்க வைக்கும் கிரிம்பர், கேபிளைச் சோதிக்கும் சின்ன டெஸ்டர், ஒரு பை பிளக் எல்லாம் சேர்த்து 4,300 ரூபா. கேபிளை உரித்தால் நான்கு ஜோடி வயர், ஒவ்வொரு ஜோடியும் முறுக்கி இருக்கும். செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைக் கோடு போட்ட ஜோடி. எட்டையும் நேராக்கி, அழகாக ஜோடி ஜோடியாக அடுக்கினேன்: வெள்ளைச்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப்பச்சை, பச்சை, வெள்ளைநீலம், நீலம், வெள்ளைமண்ணிறம், மண்ணிறம். மறுமுனையிலும் அதே வரிசை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். பெரியம்மாவிடம் டெஸ்டரின் ஒரு பாதியைக் கொடுத்துவிட்டு ஓடி வந்து பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு பச்சை விளக்கும் வரிசையாக எரிந்தது. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அம்மாவைப் பாயாசம் வைக்கச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து ஆரம்பித்தது. வாட்ஸ்அப் போகும், வீடியோ கோல் உடையும். சின்ன ஃபைல் ஏறும், பெரிய ஃபைல் பாதியில் நிற்கும். கம்பியூட்டரில் கேபிள் மாட்டியிருப்பதாகக் காட்டும், திடீரென்று கழன்றதாகக் காட்டும், மறுபடி மாட்டியதாகக் காட்டும். கையே படாத கேபிள்! நான் சிக்னலைத்தான் சந்தேகப்பட்டேன். மலையை, பனிமூட்டத்தை, டவரை எல்லாம் திட்டினேன். வாடிக்கையாளர் சேவைக்கு எத்தனை முறை அழைத்தேன் என்று கணக்கில்லை. சிம் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். பேக்கேஜை ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். பஸ் காசும் அதுவும் சேர்ந்து 2,300.

இதற்கு நடுவில் பெரியம்மா. பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. அடாப்டர் மாட்டியிருந்தது அவர் வீட்டு பிளக் பொயின்டில். நாடகம் முடிந்ததும் டிவியோடு சேர்த்து எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுப்பது அவர் பழக்கம். இரவில்தான் எனக்கு வேலை. மூன்று தடவை போய்ச் சொன்னேன், பிறகு கூச்சமாகிவிட்டது. அடாப்டரையே என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் என்ன என்று ஒரு யோசனை. ரவுட்டருக்கு மின்சாரமும் இதே நெட்வொர்க் கேபிளிலேயேதான் ஏறுகிறது, 24 வோல்ட். அது 91 மீட்டர் மேலே ஏறாதா என்ன? கீழே கொண்டுவந்துவிட்டேன்.

அந்த அடாப்டரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை. ஒன்று கூரை ரவுட்டருக்குப் போவது, அதில் மின்சாரம் இருக்கும். மற்றது வீட்டுக்குள் இருக்கும் கருவிக்கு, அதில் வெறும் டேட்டா. கறுப்புப் பிளாஸ்டிக்கில் கறுப்பு எழுத்தாகவே பொறித்திருக்கிறார்கள், அரிசி மணியைவிடச் சின்னதாக. கரண்ட் கட் நேரம், போன் வெளிச்சத்தில் மாட்டினேன். கரண்ட் வந்ததும் வீட்டுக்குள் வைஃபைக்காக வாங்கியிருந்த ரவுட்டரிலிருந்து சின்னதாக ஒரு வாசம். பிளாஸ்டிக் தீய்ந்த வாசம். மின்சாரத் துளையில் அதைக் குத்தியிருந்தேன். 8,900 ரூபா ரவுட்டர், வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை. இந்த மலிவான 24 வோல்ட் அடாப்டர்கள் எதிரே இருப்பது என்ன கருவி என்று பார்ப்பதில்லை, மாட்டியதும் மின்சாரத்தை அனுப்பிவிடும். இப்போது மின்சாரத் துளைக்குப் போகும் பிளக்கில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். நீங்கள் வாங்கிய அன்றைக்கே, பகல் வெளிச்சத்தில் சுற்றிவிடுங்கள்.

புது ரவுட்டர் வாங்கக் காசில்லை, கம்பியூட்டரில் நேராக மாட்டிக்கொண்டேன். இம்முறை துளையை நாலு தடவை பார்த்தேன். ஆனால் புது நோய் ஒன்று வந்தது. பெரிய ஃபைல் ஏற்றத் தொடங்கினாலே மேலே இருக்கும் ரவுட்டர் அணைந்து மறுபடி எரியும். மார்ச் கடைசியில், மாதக் கணக்கு முடிக்கிற அன்று, ஒரு வியாபாரியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ஏழு தடவை அறுந்தது. அவர் சத்தம் போடவில்லை. "தம்பி, நீங்க டவுனுக்கு வந்த பிறகு பார்ப்போம்" என்றார். அந்த வேலை போனது. வேறு வியாபாரி கிடைக்க இரண்டு மாதம் ஆனது, 36,000 வராமல் போனது. அன்று இரவு அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். வீடு திரும்பியதே பிழையோ என்றுகூடத் தோன்றியது.

அடுத்த நாள் கோபத்தில் செய்த ஒரு காரியத்தை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அடாப்டரையும் லெப்டொப்பையும் தூக்கிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போய், ரவுட்டர் பெட்டியோடு வந்த இரண்டு மீட்டர் கம்பெனிக் கேபிளால் மாட்டிப் பார்த்தேன். அரை மணி நேரம் ஒரு படம் ஓடியது, ஒரு தடவை நிற்கவில்லை. அப்படியானால் சிக்னல் நல்லது, ரவுட்டர் நல்லது, சிம் நல்லது. மிஞ்சியது நான் போட்ட கேபிள். ஐந்து வாரம் மலையைத் திட்டியிருக்கிறேன். எந்த ரவுட்டர் போட்டாலும் முதலில் அதன் காலடியில் நின்று கம்பெனிக் கேபிளால் ஒருமுறை பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் போன் போட்டு யாரையும் திட்ட வேண்டியதில்லை.

சித்திரைப் புத்தாண்டுக்கு மாமா ஒருவர் கட்டாரிலிருந்து லீவில் வந்தார். அங்கே கட்டடங்களுக்குக் கேபிள் இழுக்கும் வேலை அவருக்கு. பலகாரத் தட்டோடு வந்தவரிடம் பிளக்கைக் காட்டினேன். வெளிச்சத்துக்குப் பிடித்து இரண்டு நொடி பார்த்தார்.

"யாரு அடிச்சது இத?"

"நான்தான் மாமா. டெஸ்டர்ல எட்டும் எரியுதே?"

"எரியும். லைட் எரியிறதுக்கு வயர் இருந்தா போதும். டேட்டா போறதுக்கு ஜோடி வேணும்."

பிறகு உட்கார்ந்து விளக்கினார். வயரை ஜோடியாக முறுக்கியிருப்பதே ஒன்றின் சத்தம் மற்றதில் ஏறாமல் இருக்கத்தான். கருவி ஒன்றையும் இரண்டையும் ஒரு ஜோடியாகப் பார்க்கிறது, மூன்றையும் ஆறையும் ஒரு ஜோடியாகப் பார்க்கிறது. நான் அடுக்கிய வரிசையில் மூன்றில் வெள்ளைப்பச்சை, ஆறில் நீலம். இரண்டும் வேறு வேறு முறுக்கு, ஒன்றுக்கொன்று துணை இல்லை. இரண்டு மீட்டரில் இது தெரியாது, 91 மீட்டரில் கொன்றுவிடும். டெஸ்டரோ ஒன்று ஒன்றுக்குப் போகிறதா, இரண்டு இரண்டுக்குப் போகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. சரியான வரிசை இது: வெள்ளைச்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைமண்ணிறம், மண்ணிறம். பச்சை ஜோடி நீலத்துக்கு வழிவிட்டு இரண்டு பக்கமும் நிற்கும். பிளக்கின் கொக்கி கீழே, பொன்னிறப் பற்கள் உங்களைப் பார்த்து, கேபிள் உங்கள் பக்கம் இருக்கும்படி பிடித்தால் இடது ஓரம் ஒன்று. இரண்டு முனையிலும் இதே வரிசை.

என் பிளக்கில் வேறு குறைகளும் கண்டுபிடித்தார். நேராக அடுக்க வசதியாக மூன்று அங்குலத்துக்கு முறுக்கைப் பிரித்திருந்தேன். அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாதாம். நீட்டிப் பிடித்து அடுக்கிவிட்டு, அடிக்குமுன் ஒட்ட வெட்டிவிட வேண்டும். வெளி உறை பிளக்குக்குள் போய் நசுங்கிப் பிடிக்க வேண்டும். என்னுடையதில் உறை வெளியே நின்றது, வயர்கள் அந்தரத்தில் தொங்கின. அடாப்டரைக் கீழே கொண்டுவந்ததைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். அலுமினிய வயரின் தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கீழே 24 வோல்ட் ஏற்றினால் மேலே போய்ச் சேருமுன் வயரே அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ரவுட்டர் கடுமையாக வேலை செய்யும்போது இன்னும் இறங்கும், அதனால்தான் அணைந்து எரிகிறது. அடாப்டர் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், கீழே டேட்டா மட்டும் வரட்டும் என்றார். பெரியம்மாவிடம் பேசி, டிவியோடு சேராத தனி பிளக் பொயின்ட் ஒன்று போட்டுக்கொடுத்தோம். முனைகளைப் புதிதாக அடித்தோம். அதே 65 ரூபா கேபிள்தான், வேலை செய்தது. மாமா போகும்போது, "இது கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து வாரம் ஓடியது. மே கடைசியில் எங்கள் மலைக்குக் கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலை, வந்தது. தேயிலைக்கு நடுவே போன என் கேபிளை ஒரு கவ்வாத்துக் கத்தி சீவிவிட்டது. யாரிடம் சண்டைக்குப் போவது? தோட்டத்து மலைக்குள் யாரையும் கேட்காமல் இழுத்தது நான்தானே. நிறம் பார்த்து முறுக்கி, டேப் சுற்றி ஒட்டினேன். அது வெயிலுக்குச் சரி. ஜூன் மழை எங்கள் பக்கம் எப்படி என்று தெரியும்தானே, நாள் கணக்கில் விடாது. ஒரு காலை கம்பியூட்டரின் பின்பக்கம் பார்த்தால் பிளக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்! கூரை ஒழுகவில்லை, சுவர் காய்ந்துதான் இருந்தது. மேலே டேப் ஒட்டிய இடத்தில் உள்ளே போன மழை, உறைக்குள்ளேயே குழாய் மாதிரி இறங்கி என் மேசைக்கு வந்திருந்தது. சரிவில் வீடு கீழே இருந்தால் கேபிள் பீலியாகிவிடும். நல்ல வேளை, கம்பியூட்டர் தப்பியது. கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் தொட்டில் மாதிரி கீழே தொங்கவிட்டு, பிறகு மேலேற்றி உள்ளே விட்டால் வெளியே வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். உள்ளே போன தண்ணீருக்கு அதுவும் மருந்தில்லை. வெளியே போடுவதற்கென்றே கறுப்பு உறையோடு, சிலதில் உள்ளே களிம்பு நிரப்பி விற்கிறார்கள், அதுதான் வேண்டும். நடுவில் ஒட்டே கூடாது.

போனில் மாமாவைக் கேட்டேன். "செம்பே வேண்டாம், ஃபைபர் இழு" என்றார். ஃபைபர் என்றால் டேட்டா ஒளியாகப் போகும் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது. இரண்டு வீட்டுக்கு நடுவே திறந்த வெளியில் செம்பு ஓடினால் இடி நேரத்தில் இரண்டு பக்கக் கருவியும் போகலாம், கேபிள் மேலேயே விழ வேண்டும் என்றுகூட இல்லை. மார்ச், ஏப்ரல், பிறகு ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் எங்கள் பக்கம் இடி எப்படி என்று உங்களுக்கும் தெரியும். முனை அடித்தே வரும் 100 மீட்டர் ஃபைபரும், இரண்டு பக்கமும் வைக்க, ஒளியைச் செம்புக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மீடியா கன்வேர்ட்டர் ஒரு ஜோடியும் 21,000 ரூபாவுக்குக் கிடைத்தது. இதை நட்டத்தில் சேர்க்கவில்லை. வாங்கும்போது இரண்டு விஷயம். ஒற்றை இழையில் ஓடும் கன்வேர்ட்டர் என்றால் ஒன்று ஏ, மற்றது பி ஆக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே எழுத்து என்றால் ஒன்றுடன் ஒன்று பேசாது. ஃபைபருக்குள் பலத்துக்காக இரும்புக் கம்பி இருந்தால், இடிக்குப் பயந்து ஃபைபர் போட்டதற்கு அர்த்தமே இல்லாமல் போகும். கம்பி இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்.

இந்தத் தடவை தோட்டத்தை நடத்தும் துரையிடம் கடிதம் கொடுத்து அனுமதி கேட்டேன். தேயிலைக்குள் வேண்டாம், ரோட்டோரக் கான் (வடிகால்) வழியாகக் குழாய்க்குள் போடு என்றார். வழி கொஞ்சம் கூடி 97 மீட்டர் ஆனது. மின்சார சபைத் தூணில் கட்டிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது சட்டப்படியும் பிழை, உயிருக்கும் ஆபத்து. ஜூலை இரண்டாம் வாரம் குழாய் புதைத்து முடித்தோம். முடித்த அன்றே இரண்டு முனையிலும், அடாப்டரிலும், எந்த வயர் எங்கே போகிறது என்று துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டினேன்.

ஒக்டோபரில் ஆயுத பூஜை அன்று மேலே போயிருந்தேன். தையல் மெஷின், கத்தி, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்த பெரியம்மா, சுவரோரம் குனிந்து என் அடாப்டருக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அன்றிலிருந்து அந்த சுவிட்சில் வீட்டில் ஒருவரும் கை வைப்பதில்லை.